வெயிலில் வளைந்த இசைத்தட்டு

மாமனாரின் இசைத்தட்டைத் துடைத்து ஜன்னலோரம் வைத்தவள் நான். எடுக்க மறந்தவளும் நான்தான். மதிய வெயிலில் அது காய்ந்த இலை மாதிரி வளைந்துவிட்டது. சத்தம் காட்டாமல் உறைக்குள் செருகிவிட்டேன்.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தினமும் அதையே சுழலவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊசியையே முறைத்துக்கொண்டிருப்பார். பாட்டு இழுத்து இழுத்து அழும். நான் கூப்பிட்டால் திரும்பக்கூட மாட்டார்.

"உங்கப்பா எனக்கு முகம் குடுத்துப் பேசி ரெண்டு மாசமாச்சு. எல்லாம் அந்தத் தட்டால வந்தது," என்றேன் கணவரிடம்.

"அப்ப உண்மையைச் சொல்லிடு."

"எந்த முகத்தோட சொல்றது?"

பழைய தட்டு விற்கும் கடைகளாக அலைந்து, கீறல்கூட இல்லாத அதே தட்டை நேற்று பிடித்துவிட்டேன். உறைக்குள் அதை வைத்தேன். வளைந்ததை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

இன்று காலை பாட்டு தேனாக ஒலித்தது. மாமனாரின் முகமோ வாடிப்போனது.

"பழைய தட்டு எங்கம்மா?"

காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாச் சொல்லும்மா. ரெண்டு மாசமா காது சுத்தமாக் கேக்கலை. நீங்க பதறுவீங்கன்னு மறைச்சுட்டேன். அந்தத் தட்டுல ஊசி ஏறி ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கிட்டே மனசுக்குள்ள பாடிக்குவேன். இதுல அசையவே மாட்டேங்குதே!"

வாசலுக்கு ஓடினேன். தொட்டி காலியாக இருந்தது. குப்பை வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.