ஆபீசரின் பத்தியம்

வெந்த பட்டாணி ஒன்றை உள்ளங்கையில் வைத்து, நகத்தால் தோலை உரித்துக்கொண்டிருந்தாள் அவள். ஒன்றே ஒன்றுதான். ஆனால் கண் ஆபரேஷன் மாதிரி நடந்தது வேலை.

“நான் காய்ச்சல்ல கிடந்தப்போ எனக்கு இப்படி உரிச்சுக் குடுத்தியா?” என்றாள் மாமியார், கூடத்துக் கட்டிலில் இருந்தபடியே.

‘உங்களுக்குத்தான் பல்லு இருக்கே அத்தை’ என்று வாய் வரை வந்ததை விழுங்கினாள். கல்யாணமாகி ஆறு வருஷம், அவள் குரல் அடுக்களை வாசலைத் தாண்டியதில்லை.

பட்டாணி ஆபீசருக்கு. கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் இருக்கும் தங்கமீன்தான் ஆபீசர். அந்தத் தொப்பையைப் பார்த்து அவள் கணவனும் மகளும் சேர்ந்து வைத்த பேர். நாலு நாளாகத் தொப்பை இன்னும் ஊதிப்போய், ஒருக்களித்து மிதக்கிறார்.

மகள் ஐந்து வயது வாண்டு. பாயைத் தூக்கி வந்து தொட்டிக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டாள். “அம்மா, ஆபீசர் செத்துடுவாரா?” என்று மணிக்கொரு தரம் கேள்வி.

மீன் கடைக்காரர், அதாவது வளர்க்கிற மீன் விற்கிறவர், கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

“நோய் இல்லம்மா, அஜீரணம். தீனி ஜாஸ்தி. மூணு நாள் ஒண்ணும் போடாதீங்க. நாலாம் நாள் ஒரு பட்டாணி, தோலை உரிச்சு மசிச்சுக் குடுங்க. நடுவுல யாராவது பாவம் பார்த்தீங்க, ஆள் காலி!”

அன்றுதான் நாலாம் நாள். மசித்த பட்டாணியைப் போட்டாள். ஆபீசர் வாயில் வாங்கினார். துப்பினார்.

மூணு நாள் பட்டினி கிடந்தவர் துப்புவாரா?

அலமாரியிலிருந்து தீனி டப்பாவை எடுத்துப் பார்த்தாள். கழுத்துவரை இருந்தது இப்போது பாதி. எல்லாரிடமும் நீட்டிக் காட்டினாள்.

“நானா? அந்த நாத்தம் பிடிச்ச தொட்டிப் பக்கம் நான் ஏன் போறேன்?” என்றாள் மாமியார்.

“மீனுக்கு ஊட்டி விடற ஆள் மாதிரியா இருக்கேன் நான்?” என்றான் கணவன்.

“நான் இல்ல. பாட்டிதான். இல்ல இல்ல, அப்பாதான்” என்றாள் வாண்டு.

அவள் மறுநாள் விடிந்ததும், தன்னிடமிருந்த கண்மையைத் துளி மிச்சமில்லாமல் வழித்தெடுத்து, டப்பா மூடியைச் சுற்றித் தடவி வைத்தாள். மூடியும் கறுப்பு. பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும்.

“என்ன, கண்ணு வெறிச்சோடிக் கிடக்கு?” என்றான் கணவன், வேலைக்குக் கிளம்பும்போது.

“மை தீர்ந்துபோச்சுங்க. வரும்போது வாங்கிட்டு வாங்க.”

செருப்பை மாட்டியவன், எதையோ மறந்தவன்போல் கழற்றிவிட்டு உள்ளே போய் வந்தான்.

மத்தியானம் வாண்டு ஸ்கூலில். மாமியார் குறட்டையில். கூடத்தில் விழித்திருந்தது ஆபீசரும் அவளும்தான். அவள் துணி மடித்தாள். ஆபீசர் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார்.

“என்னைப் பார்க்காதே” என்று திரும்பி உட்கார்ந்தாள்.

இரண்டு சட்டை மடித்தாள். எழுந்து போனாள். வந்து மறுபடியும் துணி மடித்தாள்.

சாயங்காலம் எல்லாரையும் தொட்டி முன்னால் நிறுத்தினாள்.

“கையை நீட்டுங்க!”

குரல் அடுக்களை, கூடம் எல்லாம் தாண்டித் தெருவுக்கே போயிற்று. மூன்று பேரும் வெலவெலத்துப்போய் நீட்டினார்கள்.

வாண்டுவின் பத்து விரலும் கறுப்பு. போதாததற்கு ஒரு மீசை. கணவனின் சட்டைப்பையில், கைநாட்டு வைத்ததுபோல் கட்டைவிரல் ரேகை. மாமியாருக்குக் கை சுத்தம். முந்தானை நுனிதான் கறுப்பு.

“நாத்தம் பிடிச்ச தொட்டின்னீங்களே அத்தை?”

“எத்தனை நாள்தான் பார்த்துக்கிட்டே படுத்திருக்கிறது? வாயை வாயைத் திறக்குது. ரெண்டே மணி தீனிதான் போட்டேன்.”

“நான் ஒரு சிட்டிகை” என்றான் கணவன், தலையைச் சொறிந்தபடி.

“நான் கொஞ்சூண்டு நிறைய” என்றாள் வாண்டு.

டப்பாவை அப்படியே குப்பைக்கூடையில் கவிழ்த்தாள் அவள். “இனி மூணு நாளைக்கு வீட்டுல தீனியே கிடையாது. அப்பதான் ஆபீசர் பிழைப்பார்!”

அதோடு விட்டிருக்கலாம். ஆறு வருஷம் அடைத்துக் கிடந்த பேச்சு, நிற்கமாட்டேன் என்றது.

“பாசம்னா வாயில திணிக்கிறது இல்ல. ஒரு உயிர் பிழைக்கணும்னா மனசைக் கல்லாக்கிக்கணும். எனக்கு மட்டும் ஈரம் இல்லையா? நாள் பூரா அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன். தொட்டேனா அந்த டப்பாவை? சொல்லுங்க, தொட்டேனா?”

மாமியார் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். அவன் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து நீட்டினான்.

“இந்தா, நீ கேட்ட மை. இன்னும் பிரிக்கக்கூட இல்ல.”

“அப்போ,” என்றாள் மாமியார், “உன் மூக்கு நுனியில இருக்கிறது எந்த மைம்மா?”

அவள் குரல் ஒரே தாவலில் அடுக்களைக்குத் திரும்பியது.

“அது வந்து அத்தை... ஒரே ஒரு மணிதான், அதுவும் அது என்னையே பார்த்து வாயை...”

“அம்மா, ஓடி வா!” தொட்டியிடமிருந்து வாண்டு கத்தினாள். “ஆபீசர் உன்னைத்தான் கூப்பிடறார்!”