பூனைக்கு ஏற்ற வீடு

"வேணாம் ராத்தா. நாங்க இப்பத்தான் வயிறு நெறையச் சாப்பிட்டு வந்தோம்" என்றாள் அங்கம்மா.

கைரியா நீட்டிய தட்டு அந்தரத்தில் நின்றது. அதில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் இருந்தன. ரொட்டியில் இன்னும் ஆவி பறந்தது.

"எங்கட ஊட்டுல தின்னா உங்கட ஆக்கள் ஒதுக்கி வெச்சிருவாங்க. எனக்குத் தெரியும், உடு" என்றாள் கைரியா, கொஞ்சம் குத்தலாகவே. வெட்கத்தில் அங்கம்மாவுக்குக் காது மடல்வரை சுட்டது. துவைத்துக் கட்டிய சேலையின் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கட்டுகஸ்தோட்டையில் காப்பி வியாபாரி ஹாஷிமின் வீட்டு முற்றம் பெரியது. முன்பெல்லாம் அங்கே மூட்டை மூட்டையாகக் காப்பிக்கொட்டை காயும். இலைநோய் வந்து மலையெல்லாம் காப்பிச் செடி மொட்டையான பிறகு, அந்த முற்றத்தில் வெயில் காய்வது அவர் மனைவி கைரியாவின் பூனைகள் மட்டுந்தான்.

இப்போது மூன்று குட்டிகள் பால்குடி மறந்திருந்தன. கேட்டு வந்த இரண்டு பேரைக் கைரியா ஏற்கெனவே திருப்பி அனுப்பிவிட்டாள். பெண் கேட்டு வருகிறவர்களைக்கூட யாரும் இப்படிக் குடைய மாட்டார்கள்.

"காப்பித் தோட்டத்துல எப்படி, வேலை ஈக்கா?"

"ஏதோ ஓடுது ராத்தா."

"பூனை எதுக்கு உனக்கு?"

"அரிசி ஸ்டோர்ல எலி தாங்கல. அதுக்குப் பக்கத்து லயத்து வீட்டுலதான் நாங்க இருக்கோம். பூனை வளக்கிற குடும்பத்துக்கு, பூனைக்குன்னு வாரம் ரெண்டு கொத்து அரிசி தர்றேன்னு தோட்டத்துத் தொரை சொல்லியிருக்காரு." அங்கம்மா சாய்கிற வெயிலைப் பார்த்தாள். "இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரு குட்டியோட போகலைன்னா அந்த அரிசிய வேற குடும்பத்துக்குக் குடுத்துருவாங்க ராத்தா."

துரையே அரிசி அளந்து கொடுக்கிற இடம். கைரியாவுக்கு மனம் குளிர்ந்தது. உள்ளே போய், மீன் குழம்பு பிசைந்த சோற்றை மூன்று தேங்காய்ச் சிரட்டைகளில் கொண்டுவந்து வைத்தாள். குட்டிகள் ஓடி வந்தன.

அங்கம்மாவின் மகள் பாலம்மாவுக்கு ஐந்து வயது இருக்கும். எண்ணெய் வைத்து அழுந்த வாரிய தலையோடு, குட்டிகளுக்கு முன்னால் போய்க் குந்தியவள் கண்ணைச் சிமிட்டவே இல்லை.

"புள்ளைக்குப் பூனை எண்டா உசிரு போல" என்று கைரியா முகம் மலர்ந்தாள்.

அங்கம்மா குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள். "இதுல எது ராத்தா கொஞ்சமாத் திங்கும்?"

கைரியாவின் முகம் சட்டென்று மாறியது. "இது என்ன கேள்வி? ரெண்டு கொத்து வருது எண்டு நீதானே சொன்னாய். பொறகு எதுக்கு அதுட வயித்த அளக்கிறாய்? வாயில்லாச் சீவன்ட சோத்துல கை வைக்கவா?"

அங்கம்மா தரையைப் பார்த்தாள். அவளுடைய கால் பெருவிரல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

"பூனையப் பட்டினி போட்ட பொம்பளைக்கு மறுமையில தண்டனை ஈக்கி. எங்கட மார்க்கத்துல அது பெரிய பாவம். உன்ட மகள்ட தலையில கை வெச்சுச் சொல்லு, பூனையப் பட்டினி போட மாட்டேன் எண்டு. இல்லாட்டிக் குட்டி இல்ல."

அங்கம்மாவின் கை எழுந்து பாதியில் நின்றது. மகாவலிப் பாலத்தைத் தாண்டி, மலையேறி, இருட்டுவதற்குள் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். கையைக் குழந்தையின் தலையில் வைத்தாள்.

"பூனை பட்டினி கெடக்காது ராத்தா. எம் புள்ள மேல சத்தியம்."

நாலு வார்த்தை உறைக்கச் சொன்னால்தான் சில பேருக்குப் புத்தி வருகிறது என்று கைரியா தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். கோபமும் இறங்கிவிட்டது. "சரி, புள்ளையே ஒரு குட்டிய எடுக்கட்டும்" என்றாள்.

செம்பட்டைக் குட்டி தன் சோற்றைத் தின்று முடித்துவிட்டு, கொழுகொழுவென்று வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது. கறுப்புக் குட்டி தன் சிரட்டையை வழித்து நக்கிவிட்டு, ஈயைத் துரத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது சாம்பல் நிறம். கண்ணில் பீளை, முதுகில் முள்ளெலும்பு. இரண்டு வாய் தின்றுவிட்டுச் சிரட்டைக்குப் பக்கத்திலேயே சுருண்டுவிட்டது.

பாலம்மா கொஞ்சமும் யோசிக்காமல் மூன்றாவதைக் காட்டினாள்.

"அந்தச் சீக்குக் குட்டியா?" கைரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "பாரு, உனக்கு இல்லாத இரக்கம் உன்ட மகளுக்கு ஈக்கி."

அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது அங்கம்மாவுக்கு.

கைரியா குழந்தைக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, அதன் தாடையைத் தொட்டுக் கொஞ்சினாள். "சொல்லு மகள், ஒருத்தரும் கேக்காத இந்தக் குட்டி மேல உனக்கு ஏன் இவ்வளவு ஆசை?"

மகளின் வாயைப் பொத்த அங்கம்மா பதறிக் கையை நீட்டினாள். அதற்குள் பாலம்மா, மூன்றாவது சிரட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொல்லிவிட்டாள்.

"அது மட்டுந்தான் சோத்த மிச்சம் வைக்குது."