எவகிட்ட போறீங்க?

வேலை முடிந்து வந்த கணவனின் கண்களைச் சுற்றி இன்றும் சிவப்புத் தடம். மனைவிக்குச் சுருக்கென்றது.

“என்னங்க இது?”

“மூக்குக் கண்ணாடி அழுத்துது.”

“உங்களுக்கு ஏது மூக்குக் கண்ணாடி? தலை வேற ஈரம். எவகிட்ட போறீங்க?”

“அடுத்த தெருவுல... ரொம்பப் பொறுமையானவங்க. திட்டவே மாட்டாங்க,” என்று திருதிருவென விழித்தான்.

அவள் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். ஈரத்துண்டோடு நீச்சல் கண்ணாடி விழுந்தது.

“ஊருக்கே நீச்சல் சொல்லித் தர்றவ வீட்டுல இருக்கேன். நீங்க இன்னொருத்திகிட்ட கத்துக்கறீங்களா?” அவள் குரல் உடைந்தது.

“முழங்கால் தண்ணியிலயே ‘ஐயோ அம்மா’ன்னு அலறுறேன். அதை நீ பாக்க வேணாம்னுதான்...”

தலையில் வாரை மாட்டாமல் கண்ணாடியை மட்டும் அவன் கண்களில் அழுத்தினாள். ஒட்டாமல் விழுந்தது.

“வார் இல்லாம தானா ஒட்டி நிக்கலன்னா தண்ணி உள்ள புகுந்துடும். இதைப் போய் வாங்கிக் கொடுத்திருக்கா, அவ ஒரு டீச்சர்! நாளைக்கு என்கூட வாங்க. அலறினா அலறிட்டுப் போங்க!”