வீட்டுக்காரர் பேர்

தெய்வநாயகம் என் கையில் விலங்கை மாட்டியபோதுதான் அது நிஜ விலங்கு என்று தெரிந்தது. மணிக்கட்டைக் கடித்தது.

"ஸ்டேசன்ல இரவல் வாங்கினேன். பி.ஏ.க்குப் பொருத்தமாத்தான் இருக்கு," என்றான்.

அவன் எங்கள் சட்ட மாணவர் சங்கத்தின் செயலாளர். வக்கீல் ஆபீஸ்களில் எழுத்து வேலை பார்க்கும் கிராணிகள் மாலையில் கூடிச் சட்டம் படிக்கும் வகுப்பு எங்களுடையது. அதில் பெண் நான் ஒருத்திதான். பட்டம் வாங்கியவளும் நான் ஒருத்திதான்.

ஆண்டுக்கு ஒருமுறை, காஜா பேராங்கில் உள்ள பள்ளிக்கூட மண்டபத்தில், ஒரு பொதுச் சொற்பொழிவு, ஒரு மாதிரி வழக்கு. இந்த முறை வழக்கை எழுதியது நான். வக்கீல் வேஷம் கேட்டேன். பொம்பளைக்குப் பொருந்தாது என்றார்கள். குற்றவாளிக் கூண்டு மட்டும் பொருந்துமாம்.

நோட்டீசில் என் பெயரைக்கூடப் போடவில்லை. 'குற்றவாளி: ஒரு பெண்.'

கதை அம்மா சொன்னது. அவள் பால்மரம் வெட்டிய ரப்பர் எஸ்டேட்டில், பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி, வீட்டுக்குள் நுழைந்த கங்காணியைப் பால் வெட்டும் கத்தியால் வெட்டிவிட்டாள். அவள் தப்பி டவுனுக்குப் போய்விட்டாள் என்று அம்மா முடிப்பாள்.

சங்கத்துக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. தூக்கு இருந்தால்தான் கூட்டம் வருமாம். மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

கூட்டம் வந்தது. முன்வரிசையில் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் இருந்தார்.

சொற்பொழிவுக்கு வந்த கிழவர் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்கார நீதிபதி இங்கிலீஷில் சொன்ன மரண தண்டனைகளை எல்லாம் கைதிக்குத் தமிழில் சொன்னவர் இவர்தான்.

"என் வாயால தூக்குக்குப் போனவன் ஒவ்வொருத்தன் பேரும் இன்னிக்கும் நெனவிருக்கு. அதுல குத்தமில்லாதவன்னு ஒருத்தன் கெடையாது. அதுதான் இந்தக் காலனியோட சட்டம்," என்றார்.

கை தட்டினார்கள். நான் தட்டவில்லை.

பிறகு வழக்கு நடந்தது. வக்கீலாக நடித்தவர்கள் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். எனக்கு அழுவதைத் தவிர வேலை இல்லை. நான் அழவும் இல்லை.

அம்மா தாமதமாக வந்தாள். துணி துவைக்கும் வீட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவை நனைந்திருந்தது. எனக்கு என்ன வேஷம் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

அவள் கதவருகில் நிற்பதைக் கூண்டிலிருந்து பார்த்தேன். அவள் என் கை விலங்கைப் பார்த்தாள்.

நீதிபதியாக நடித்த ஷம்சுதீன் தூக்குத் தீர்ப்புக்கென்று நீதிபதிகள் அணியும் கறுப்புத் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு இங்கிலீஷில் தீர்ப்பு வாசித்தான். தமிழில் தானே சொல்வதாக ஆசையோடு கேட்டிருந்த கிழவர் எழுந்தார்.

"உன்னைக் கழுத்தில் கயிறிட்டு, உயிர் போகும் வரையில் தூக்கிலிட வேண்டும்."

அம்மா நடுவழியாக ஓடி வந்தாள். இதுவும் நாடகம் என்று ஆட்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

"அன்னிக்கும் இந்தத் துணியத்தான் போட்டாங்க சாமி. இதே கொரல்லதான் சொன்னீங்க. அவரு வெட்டல. நாந்தான் வெட்டுனேன். எனக்காவ அவரு போய் நின்னாரு. எம்புள்ளைய விட்டுருங்க."

அந்தக் கதையில் ஒரு புருஷன் இருந்ததாக அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பா காய்ச்சலில் போனார் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

கூண்டைத் தாண்டிக் குதித்தேன். விலங்கு போட்ட கைகளாலேயே அவள் வாயைப் பொத்தினேன். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. இன்ஸ்பெக்டரும் தட்டினார்.

"இது நாடகம்மா," என்றேன் அவள் காதில். "வெறும் நாடகம். எல்லாரையும் பாத்துக் கும்புடு."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கும்பிட்டாள்.

"சொல்லவே இல்லையே," என்று தெய்வநாயகம் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.

கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிறந்த நடிப்புக்கான வெள்ளிக் கிண்ணம் இந்த அம்மாவுக்குத்தான் என்றார்.

"சபையில சொல்லணுமே. ஒன் வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

அம்மா தலை குனிந்துகொண்டாள்.

"உசிரே போனாலும் புருசன் பேரச் சொல்லாதுங்க இதுங்க," என்று கிழவர் சிரித்தார். முன்வரிசையும் சிரித்தது. இதே பழக்கத்துக்காக அம்மாவை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இன்று அது அவளைப் பிழைக்க வைத்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு. நீ சொல்லு."

"கோபாலு," என்றேன். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது.

கிழவர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். அவர் நினைவில் வைத்திருந்த பெயர்களில் அது இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

"கோபாலின் சம்சாரத்துக்கு," என்று உரக்கச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார்.

அம்மா வாங்கவில்லை.

"அது அவரு பேரில்ல," என்றாள்.

நான் அவள் கையை அழுத்தினேன். உதறினாள். கிழவரை நிமிர்ந்து பார்த்தாள். வாழ்நாளில் ஒருமுறைகூட வாயால் சொல்லாத பெயரை, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நிறுத்திச் சொன்னாள்.

இந்த முறை கிழவர் கண்ணை மூடவில்லை. யோசிக்க அவருக்கு நேரமே தேவைப்படவில்லை.