மருமகளின் பேச்சும் மாமியாரின் கதவும்

திஸ்னித் நகரத்து வீட்டுக் கதவுகள் குடும்பத்தாரின் உச்சரிப்பைக் கேட்டே திறந்தன. இஜ்ஜா அம்மையாரின் கதவு தென்மொராக்கோவின் பெர்பர் பேச்சை மட்டுமே அறியும். உயிரெழுத்தே இன்றி, மெய்யெழுத்துகள் மட்டுமே அடுக்கிய முழுச் சொற்கள் அப்பேச்சில் உண்டு. வடக்கே ரீஃப் மலையிலிருந்து வந்த புது மருமகள் ஸிலியாவோ, தன்னையறியாமல் இடையிடையே ஒரு குறுகிய உயிரெழுத்தொலியை நுழைத்துவிடுவாள். கதவு அசையாது.

மூன்றாம் நாளும் வெயிலில் காத்துநின்ற ஸிலியா அழுதேவிட்டாள். “இந்த வீட்டுக்கே என்னைப் பிடிக்கல அத்தை. நான் எங்க ஊருக்கே போயிடுறேன்.”

“வீடு யாருடி உன்னைப் பிடிக்கலைன்னு சொல்ல? நான் இருக்கேன்ல!”

கதவு புதிய உச்சரிப்பை ஏற்க வேண்டுமாயின், குடும்பத் தலைவியே அவ்வுச்சரிப்பில் நூறு சொற்கள் பேசிக்காட்ட வேண்டும் என்பது விதி. இஜ்ஜா வாசலில் அமர்ந்து, ஸிலியா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். “என்ன இஜ்ஜா, இந்த வயசுல ரீஃப்காரி ஆயிட்டியா?”

“இவ எங்க வீட்டுப் பொண்ணு. அப்போ இவ பேச்சும் எங்க வீட்டுப் பேச்சுதானே?”

நூறு சொற்களும் முடிந்தன. ஸிலியா தன் இயல்பிலேயே கதவை அழைத்தாள், அது திறந்தது. இஜ்ஜா மட்டும் எழாமல், நூற்றோராவது சொல்லையும் சொல்லித்தரும்படி மருமகளிடம் கேட்டார்.