மூன்றாவது கம்பி

கில்பர்ட் தினமும் வேலைக்குப் போகும்போது மனைவியை உள்ளே வைத்துக் கதவை வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவான். நான்கு வருடங்களாகப் புஷ்பம் சோறு வடித்த பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கரைத்து, அடுக்களை ஜன்னலின் மூன்றாவது கம்பியின் அடியில் ஊற்றி வந்தாள். உதிர்ந்த துருவை அவன் வருமுன் துடைத்துவிடுவாள். அந்தக் கம்பி ஒன்று விட்டுப்போனால் அந்த இடைவெளியில் அவள் உடம்பு நுழைந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பச்சைப் பெயிண்ட் டப்பாவோடு வந்தான்.

"கடல் காத்துல கம்பியெல்லாம் செவந்து போச்சுடி."

முதல் கம்பியை உப்புத்தாளால் தேய்த்தான். இரண்டாவதைத் தேய்த்தான். துரு பொடியாகக் கொட்டியது. மூன்றாவதைத் தேய்த்தால் கம்பி கையோடு வந்துவிடும்.

"அதையும் நல்லாத் தேய்ங்க. துரு மேலயே அடிச்சா பெயிண்ட் நிக்காது" என்றாள்.

அவள் சொன்னதை அவன் ஒருநாளும் செய்ததில்லை.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? பெரிய இன்ஜினியரு!"

உப்புத்தாளை வெளியே வீசிவிட்டு மிச்சக் கம்பிகளுக்குத் துருவின் மேலேயே தடிமனாகப் பெயிண்ட் அடித்தான்.

"இனிமே பத்து வருசத்துக்கு அசையாது" என்று கை கழுவப் போனான்.

புஷ்பம் கட்டைவிரலால் கம்பியின் அடியை அழுத்தினாள். பெயிண்டுக்குள் அது மெல்ல நகர்ந்தது. விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.

"துண்டு எங்கடி?"

வலது கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, ஒருநாளும் இடது கையால் எதையும் கொடுக்காதவள், இடது கையால் துண்டை நீட்டினாள். அவன் துண்டை வாங்காமல் அந்த இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.