ஃபராவின் பென் டிரைவ்

"உங்க பொண்ணு என் கம்ப்யூட்டரையெல்லாம் நாசம் பண்றா பாய். உடனே வந்து இட்டுகினு போங்க!"

சேலையூரில் ப்ரௌசிங் சென்டர் நடத்தும் ஜீவரத்தினம் போனில் கத்தியதும், பக்கீர் முகமது தன் செருப்புக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்தார்.

மகள் ஃபரா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்ணினே?"

"தப்பு எதுவும் பண்ணலை அத்தா. இந்த பென் டிரைவ்ல நானே உருவாக்கின லினக்ஸ் இருக்கு. விண்டோஸுக்குப் பதிலா இது ஓடும். நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல நல்லா ஓடிச்சு, வேற எதுல சொருகினாலும் பாதியில நின்னுடும். டிரைவ் எந்த இடத்துல இருக்குன்னு தேடாம, அதோட பேரை வெச்சுத் தேடுற மாதிரி இப்ப மாத்தியிருக்கேன். நாளைக்கு காலேஜ் பரீட்சையில சார் காட்டுற மிஷின்ல இது ஓடணும். ஓடலைன்னா ஃபெயில். அதான் இங்க ஒவ்வொண்ணுலயா போட்டுப் பார்க்கறேன்."

"கத வுடுது பாய்! விண்டோஸே வரல. கருப்பா ஸ்கிரீன், வெள்ளையா எழுத்து. வயசுப் பொண்ணு இப்படி மறைச்சு மறைச்சு இன்னா பண்ணும்? இந்த கேம்ப் ரோடு ஜனமே சிரிக்கப் போவுது."

பக்கீருக்கு முகம் சுருங்கிவிட்டது. "எழுந்திரும்மா, போலாம்."

"மாட்டேன் அத்தா. இன்னும் மிஷின் பாக்கி இருக்கு."

"எழுந்திருன்னு சொல்றேன்ல!"

"அவர் மிஷின்ல நான் எதையும் தொடலை. பாருங்க."

பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தாள். விண்டோஸ் பழையபடி வந்து நின்றது.

பக்கீர் திரும்பினார். "ஒண்ணும் கெடலையே சார். அப்புறம் உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"இன்னா கஷ்டமா? தோ, மூலையில குந்தினு கீதே, அந்தப் பொண்ணு யாருக்கு இன்னா மெயில் அடிக்குதுன்னு என் சீட்ல இருந்தே என் கம்ப்யூட்டர்ல பாத்துக்குவேன். உங்க பொண்ணு குந்துனா மட்டும் எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது பாய்!"

கீபோர்டு சத்தம் மொத்தமாக நின்றது.

மூலையில் இருந்த பெண் எழுந்து நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"அக்கா, அந்த பென் டிரைவை முதல்ல என் மிஷின்ல சொருகுங்க."